ஊசியில்லாமல் போட்ட அந்த டிஎன்ஏ தடுப்பூசி என்ன ஆனது? புற்றுநோய்க்கும் வருமா?

"2021இல் உலகிலேயே முதல் டிஎன்ஏ தடுப்பூசி இந்தியாவில் என்றார்கள், தமிழ்நாட்டுக்கும் வரும் என்றார்கள், அப்புறம் பேச்சு மூச்சே இல்லை. அது தோற்றுப்போன தொழில்நுட்பமா? இப்போது புற்றுநோய்க்கும் டிஎன்ஏ தடுப்பூசி வருகிறதாம். சித்திக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதற்காகக் காத்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் முதல் பாதி அறிவியல் பற்றியது, இரண்டாம் பாதி ஓர் உயிர் பற்றியது. ஆகவே இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுக்கும்போது மொத்தக் கதிர்வீச்சும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது பொது விதி. அது இழுத்துக்கொண்டு போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. அந்தச் சிகிச்சையின் இடத்தை இன்றைக்கு எந்த டிஎன்ஏ தடுப்பூசியாலும் பிடிக்க முடியாது. ஏன் என்பதைத்தான் கீழே விளக்கமாக எழுதுகிறேன்.

வழக்கமான தடுப்பூசி கிருமியின் ஒரு பாகத்தை உடலுக்குக் காட்டும். டிஎன்ஏ தடுப்பூசி அந்தப் பாகத்தைச் செய்துகொள்ளும் குறிப்பை நம் செல்லிடம் கொடுத்து, செல்லையே செய்ய வைக்கும். குறிப்பு இருப்பது பிளாஸ்மிட் என்ற வட்டமான டிஎன்ஏவில். அதன் ஒரு பகுதி மனித செல்லுக்கானது: "இங்கிருந்து படி" என்று உரக்கச் சொல்லும் புரமோட்டர் (பெரும்பாலும் சைட்டோமெகலோ வைரஸிலிருந்து எடுத்தது), அடுத்து நமக்கு வேண்டிய மரபணு, கடைசியில் "இங்கே நிறுத்து" என்னும் குறி. மறுபகுதி பாக்டீரியாவுக்கானது: அதற்குள் பெருகுவதற்கான தொடக்கப்புள்ளியும், பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவை மட்டும் பிழைக்கவிடும், கானமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவும். நீங்கள் கேட்ட அந்த 2021 இந்தியத் தடுப்பூசியின் பெயர் ஸைகோவ்-டி; அதில் நடுவில் இருந்தது கொரோனா வைரஸின் ஸ்பைக் மரபணு.

எம்ஆர்என்ஏ (டிஎன்ஏ குறிப்பிலிருந்து செல் எடுக்கும் தற்காலிக நகல்) தடுப்பூசியும் குறிப்புதானே, வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். எம்ஆர்என்ஏ செல்லின் வெளிச்சவ்வைத் தாண்டினால் போதும், அங்கேயே புரதம் உற்பத்தியாகத் தொடங்கிவிடும். டிஎன்ஏ அதற்குமேல் உட்கருவின் சவ்வையும் தாண்டியாக வேண்டும். செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைந்து வழி திறக்கும். முதிர்ந்த தசைச் செல்லோ பிரிவதே இல்லை. போதாக்குறைக்கு, செலுத்திய டிஎன்ஏவில் பெரும்பகுதியைச் செல்லுக்கு வெளியே இருக்கும் நொதிகள் சிதைத்துவிடுகின்றன. இந்தத் துறையின் முப்பது வருட வரலாற்றை ஒரே வரியில் சொல்வதானால், டிஎன்ஏவை உட்கருவரை கொண்டு சேர்க்கும் போராட்டம்தான் அது. மற்ற எல்லா வெற்றி தோல்வியும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1990இல் அமெரிக்காவில் ஜான் வுல்ஃப் குழு வெறும் டிஎன்ஏவை எலியின் தசையில் செலுத்திப் பார்த்தது. எலியின் செல் அதைப் படித்துப் புரதம் செய்தது. 1993இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் 1934ஆம் ஆண்டு ஃப்ளூ வைரஸ் ஒன்றின் உட்புரத மரபணுவை எலிக்குப் போட்டார்கள். அந்த எலிகள் 1968ஆம் ஆண்டின் வேறு வகை ஃப்ளூ வைரஸையும் தாக்குப்பிடித்தன. அன்றைக்கு எழுந்த உற்சாகம் நியாயமானது. ஆனால் மனிதருக்கு வந்தபோது விளைவு மிக மெலிந்துபோனது. காரணத்தில் பாதி எளிய கணக்கு. இருபது கிராம் எலிக்கு 100 மைக்ரோகிராம் போட்டால், அதே விகிதத்தில் அறுபது கிலோ மனிதருக்கு 300 மில்லிகிராம் போட வேண்டும். ஸைகோவ்-டியின் ஒரு டோஸ் 2 மில்லிகிராம், அதாவது நூற்றைம்பதில் ஒரு பங்கு. மீதிப் பாதி அழுத்தம். எலியின் சின்னத் தசைக்குள் 50 மைக்ரோலிட்டர் திரவம் போனாலே தசை உப்பி, செல் சவ்வுகள் விரிந்து டிஎன்ஏ உள்ளே தள்ளப்படுகிறது. நம் புஜத்தில் ஒரு மில்லிலிட்டர் போட்டாலும் அந்த அழுத்தம் உண்டாவதில்லை, திரவம் நார்களுக்கு இடையே பரவிக் கரைந்துவிடும். எலியில் நன்றாக வேலை செய்தது என்று செய்தி வந்தால் டிஎன்ஏ தடுப்பூசி விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எலியில் அந்த அழுத்தம் செய்த வேலையை மனிதரிலும் செய்ய இரண்டு வழிகள் நிலைத்தன. ஒன்று, ஸைகோவ்-டிக்குப் பயன்பட்ட ஊசியில்லாக் கருவி. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதை இறுக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் 0.1 மில்லிலிட்டர் ஏற்றி, தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் திரவம் மயிரிழை போன்ற தாரையாகக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தோலுக்குள் பாய்ந்துவிடும். தோலில் குறிவைப்பதற்குக் காரணம் உண்டு: தசையைவிட அங்கே நோயெதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்கள் அதிகம். ஒரு டோஸுக்கு இப்படி இரண்டு இடங்களில். இதில் தவறு நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். கருவி சற்றுச் சாய்ந்தாலோ, போதுமான அழுத்தம் தராமல் வைத்தாலோ, போடும் நேரத்தில் கை அசைந்தாலோ திரவம் உள்ளே போகாமல் தோல்மேல் வழியும். சரியாகப் போட்டால் சின்னக் கொப்புளம்போல் ஒரு மேடு தெரியும், மேலே ஈரம் மிகக் கொஞ்சமே இருக்கும். இதைப் பழக்கப்படுத்தாமல் கருவியை மட்டும் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பினால், தடுப்பூசி நன்றாக இருந்தும் பலன் குறையும்.

இன்னொன்று மின்துடிப்பு, அதாவது எலக்ட்ரோபொரேஷன். டிஎன்ஏவை ஊசியால் செலுத்திவிட்டு, அதே இடத்தில் நுண்ணிய மின்முனைகளைக் குத்தி நொடியில் சிறு பங்கு நேரம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அமெரிக்காவின் இனோவியோ நிறுவனத்தின் கொரோனா டிஎன்ஏ தடுப்பூசி ஆய்வில் தோலுக்கு 0.2 ஆம்பியர், ஒவ்வொன்றும் 52 மில்லிநொடி நீளும் நான்கு துடிப்புகள். செல் சவ்வில் தற்காலிகத் துளைகள் திறக்கும், எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏ உள்ளே இழுபடும். புரத உற்பத்தி பத்து முதல் நூறு மடங்குவரை கூடும். வலி ஒரு விலை, கருவி இன்னொரு விலை. மருந்தோடு கருவிக்கும் சேர்த்து அனுமதி வாங்கியாக வேண்டும். 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தடுப்பூசியின் அடுத்தகட்ட ஆய்வைப் பகுதியளவு நிறுத்தி வைத்தபோது கேட்ட கேள்விகளில் கருவி பற்றியவையும் இருந்தன. ஊர் ஊராகக் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட மின்துடிப்புக் கருவி ஏற்றது என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையில் சில நூறு நோயாளிகளுக்குப் போடுவது வேறு விஷயம், அங்கே அது பொருந்தும்.

இப்போது ஸைகோவ்-டிக்கு வருவோம். அகமதாபாத்தின் ஸைடஸ் கேடிலா மத்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறை ஆதரவோடு உருவாக்கியது. 2021 ஆகஸ்ட் 20 அன்று பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவசரகால அனுமதி கிடைத்தது. மூன்றாம் கட்ட ஆய்வில் 27,703 பேர். நோய் அறிகுறியோடு தொற்று உறுதியானவர்கள் 81 பேர்: தடுப்பூசி போட்டவர்களில் 20, பிளசீபோ (மருந்தில்லாத போலி ஊசி) போட்டவர்களில் 61. இதிலிருந்து வந்ததுதான் 66.6 சதவீதத் திறன். 81 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டதால் உண்மையான எண் ஏறக்குறைய 48இலிருந்து 81க்குள் எங்கும் இருக்கலாம். டெல்டா அலை வீசிய நேரத்தில் கிடைத்த முடிவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டிஎன்ஏ தடுப்பூசி மனிதரில் நோயைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வில் காட்டப்பட்டது அதுவே முதல் முறை. இது உறுதியான பகுதி. எம்ஆர்என்ஏ தடுப்பூசியைவிட எவ்வளவு குறைவு, எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதெல்லாம் உறுதியில்லாத பகுதி. இரண்டையும் ஒரே ஆய்வில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

அப்படியானால் ஏன் காணாமல் போனது? 28 நாள் இடைவெளியில் மூன்று டோஸ். ஒரு டோஸ் 265 ரூபாய், கருவிச் செலவு 93 ரூபாய், வரி தனி. மத்திய அரசு ஒரு கோடி டோஸுக்கு ஆர்டர் கொடுத்தது. முதலில் கொடுக்கத் திட்டமிட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான். பாட்னாவில் போடத் தொடங்கியது 2022 பிப்ரவரியில். அதற்குள் நாட்டில் ஏறக்குறைய 170 கோடி டோஸ் வேறு தடுப்பூசிகள் போட்டு முடிந்திருந்தன, அலையும் ஓமிக்ரானுக்கு மாறிவிட்டது. தேவையே கரைந்துபோன சந்தைக்குத் தாமதமாக வந்தது என்பதே சரியான விளக்கம். அதே காலத்தில் ஜப்பானின் ஆஞ்சஸ் நிறுவனத்தின் டிஎன்ஏ தடுப்பூசி போதுமான எதிர்ப்பைத் தூண்டாமல் கைவிடப்பட்டது. அதைத் தோல்வி என்று சொல்லலாம், ஸைகோவ்-டியைச் சொல்ல மாட்டேன்.

உற்பத்திக் கணக்கையும் பாருங்கள், பலரும் கவனிக்காத இடம் இது. ஒருவருக்கு மூன்று டோஸும் சேர்த்து 6 மில்லிகிராம். ஒரு கோடிப் பேருக்கு 60 கிலோ பிளாஸ்மிட். ஃபைசரின் எம்ஆர்என்ஏ ஒரு டோஸ் 30 மைக்ரோகிராம், இரண்டு டோஸ் என்றால் அதே ஒரு கோடிப் பேருக்கு 600 கிராம் போதும். நூறு மடங்கு வித்தியாசம். பிளாஸ்மிட்டை ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்க்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்தாலே 60,000 லிட்டர் வளர்ப்பு, அதுவும் சுத்திகரிப்பில் போகும் இழப்பைக் கழிக்காமல். வளர்ந்த பாக்டீரியாவை உடைப்பதுதான் கைப்பக்குவம் தேவைப்படும் கட்டம். சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்டிஎஸ் என்ற சோப்பும் சேர்த்ததும் கலவை முட்டை வெள்ளைக்கரு போல் இழுபடத் தொடங்கும். அப்போது வேகமாகக் கலக்கினால் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ துண்டு துண்டாக அறுந்து, பிறகு பிளாஸ்மிட்டிலிருந்து பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். கலக்காமல் விட்டால் ஓரிடத்தில் காரம் அதிகமாகிப் பிளாஸ்மிட்டே கெடும். ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்குள் பொட்டாசியம் அசிட்டேட் சேர்த்து நிறுத்த வேண்டும். சேர்த்ததும் பால் திரிந்தாற்போல் வெண்கட்டிகள் பிரியும், பிளாஸ்மிட் தெளிநீரில் தங்கும். ஆய்வகத்தில் ஒரு சிறு குழாயில் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துச் செய்வதை ஆயிரக்கணக்கான லிட்டரில் அதே மென்மையோடு செய்ய வேண்டும். முடிவில் கிடைப்பதில் 80 சதவீதத்துக்கு மேல் முறுக்கேறிய வட்ட வடிவிலேயே இருக்க வேண்டும், பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சின் மில்லிகிராமுக்கு 40 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். இவ்வளவு சிரமத்துக்கும் ஒரு நல்ல பலன் உண்டு: தயாரான டிஎன்ஏ உறுதியானது. ஸைகோவ்-டியைச் சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்கலாம், 25 டிகிரியில் மூன்று மாதம் தாங்கும் என்று நிறுவனம் காட்டியது. மைனஸ் எழுபது டிகிரி குளிர்சாதனம் தேடி அலைய வேண்டாம்.

"அந்த டிஎன்ஏ நம் மரபணுவோடு கலந்துவிடுமா?" என்று பின்னூட்டத்தில் இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம், நேராகவே பதில் சொல்கிறேன். பிளாஸ்மிட் உட்கருவுக்குள் தனியாகக் கிடக்கும்; மனித செல்லில் பெருகும் வசதி அதற்கு இல்லை; குரோமோசோமை வெட்டி ஒட்டும் நொதியும் அதில் இல்லை. அதற்காக "கலக்கவே கலக்காது" என்று சொல்வதும் தவறு. 2004இல் எலிகளில் மின்துடிப்போடு போட்டபோது பிளாஸ்மிட் குரோமோசோமில் செருகிக்கொண்ட நிகழ்வுகள் நான்கைக் கண்டுபிடித்தார்கள். அளவுதான் முக்கியம்: எலி ஆய்வுகளில் கணக்கிட்ட உச்ச அளவுகூட, நம் செல்களில் தினமும் தானாக நடக்கும் மரபணு மாற்றங்களைவிட ஆயிரம் மடங்கு போலக் குறைவு. அதனால்தான் விலங்கின் திசுவில் ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 30,000 பிரதிக்கு மேல் பிளாஸ்மிட் நீடித்தால் செருகல் ஆய்வு கட்டாயம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தோலில் போடும்போது மேல்தோல் செல்கள் சில வாரங்களில் உதிர்ந்தும்விடும். இதுவரை மனித ஆய்வுகளில் இதனால் புற்றுநோய் வந்ததாகக் காணப்படவில்லை.

மனிதருக்கு முந்தியே விலங்குகளுக்கு வந்துவிட்டது. 2005இல் குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் காய்ச்சலுக்கான தடுப்பூசி அமெரிக்காவில், அதே ஆண்டு பண்ணை சால்மன் மீனுக்குக் கனடாவில். மீனின் தசை டிஎன்ஏவை ஆச்சரியமான அளவுக்கு நன்றாக ஏற்கிறது, மைக்ரோகிராம் அளவிலேயே பாதுகாப்பு வருகிறது. புற்றுநோய் பக்கம் பார்த்தால், நாயின் வாயில் வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய்க்கு ஒன்செப்ட் என்ற டிஎன்ஏ தடுப்பூசிக்கு 2010இல் முழு அனுமதி. அதில் நிறமி உண்டாக்க உதவும் டைரோசினேஸ் புரதத்துக்கான நாயின் மரபணுவை வைக்காமல் மனிதனுடையதை வைத்தார்கள். சொந்தப் புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாக நினைக்காது. கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் அயல் புரதத்தைக் காட்டினால் விழித்துக்கொண்டு இரண்டையும் தாக்கும். அழகான யோசனை. பின்னர் பழைய சிகிச்சைப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்த சில ஆய்வுகளில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் சித்தியின் நோய்க்கு நெருக்கமானது விஜிஎக்ஸ்-3100 என்ற டிஎன்ஏ தடுப்பூசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி 16, 18 வைரஸ்களின் ஈ6, ஈ7 புரத மரபணுக்கள் அதில் உண்டு. செல்லைப் புற்றாக மாற்றி வைத்திருப்பவை அவைதான், ஆகவே புற்றுச் செல் அவற்றைக் கைவிட முடியாது. இலக்காக வைக்க இதைவிட நல்லது கிடைப்பது அரிது. 2015இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், புற்றுக்கு முந்தைய புண் இருந்த பெண்களில் தடுப்பூசி போட்ட 107 பேரில் 53 பேருக்குப் புண் பின்வாங்கியது; பிளசீபோவில் 36 பேரில் 11. அந்தப் பதினொன்றைக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் முப்பது சதவீதம் பேருக்குத் தானாகச் சரியாகிறது. கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் செய்திருந்தால் அந்த முப்பதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் புண்ணும் மறைய வேண்டும், வைரஸும் போக வேண்டும் என்று அளவுகோலைக் கடுமையாக்கியபோது முதல் ஆய்வில் தடுப்பூசி போட்டவர்களில் 23.7 சதவீதம், பிளசீபோவில் 11.3 சதவீதம். அடுத்ததில், 2023இல், முன்பே தேர்ந்தெடுத்த முதன்மை இலக்கை எட்டவில்லை. சில நிமிடத்தில் மின்கம்பி வளையத்தால் அந்தப் புண்ணை அகற்றும் லீப் சிகிச்சை கையில் இருக்கும்போது இந்த எண்கள் போதாது. இன்னும் ஒன்று: இவை எல்லாம் புற்றுக்கு முந்தைய நிலைக்கானவை, முற்றிய புற்றுக்கு அல்ல.

முற்றிய நோயில் டிஎன்ஏ தடுப்பூசி தனியாக நின்று சாதித்ததில்லை. கட்டியைச் சுற்றி எதிர்ப்பை அடக்கும் சூழல் இருக்கிறது. புற்றுச் செல்லைத் தாக்கும் டி செல்களை உருவாக்கினாலும் அவை கட்டிக்குள் போய் மௌனமாகிவிடுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்தோடு சேர்த்தால் நிலைமை மாறுகிறது. கொரியாவில் ஜிஎக்ஸ்-188ஈ தடுப்பூசியோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய 26 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது, 2020இல் வெளியானது. 2024இல் வந்த கல்லீரல் புற்று ஆய்வு இன்னும் சுவையானது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலிருந்தும் திசு எடுத்து, மரபணு வரிசை படித்து, அவருடைய இயல்பான டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, புற்றில் மட்டும் உள்ள மாற்றங்களில் நாற்பதுவரை தேர்ந்து அவருக்கென்றே ஒரு பிளாஸ்மிட் செய்தார்கள். கூடவே டி செல்லை ஊக்குவிக்கும் ஐஎல்-12 மரபணுவும், பெம்ப்ரோலிசுமாபும். 36 பேரில் 11 பேருக்குப் பலன், அதில் மூவருக்குக் கட்டி முழுதும் மறைந்தது. பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்த பழைய ஆய்வுகளில் 17, 18 சதவீதம். ஆனால் இந்த இரண்டு ஆய்விலும் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. பழைய ஆய்வோடு ஒப்பிடும்போது நோயாளிகளே வேறு மாதிரி இருந்திருக்கலாம். எனக்கு நம்பிக்கை தருகிற முடிவுகள் இவை, ஆனால் நிரூபணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே யோசனையில் எம்ஆர்என்ஏ முகாம் மெலனோமாவில் 157 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து, நோய் திரும்புவதும் மரணமும் 44 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. டிஎன்ஏ பக்கமும் அந்த மாதிரி ஆய்வு வர வேண்டும்.

எம்ஆர்என்ஏவுக்குப் பயன்படும் கொழுப்புக் குமிழியில் டிஎன்ஏவையும் வைத்து அனுப்பலாமே என்று தோன்றும். முயன்றார்கள். செல்லின் உட்கருவுக்கு வெளியே டிஎன்ஏ தென்பட்டால் வைரஸ் புகுந்துவிட்டது என்று ஸ்டிங் என்ற அபாயமணி அடிக்கும்; குமிழி அதிகமான டிஎன்ஏவை ஒரே நேரத்தில் அங்கே கொட்டுவதால் எலிகள் கடும் அழற்சியில் இறந்தன. அந்த மணியைத் தணிக்கும் கொழுப்பைக் குமிழியில் சேர்த்ததும் பிழைத்தன. இது இன்னும் எலி கட்டத்தில் இருக்கிறது. எலிக் கணக்கு பற்றி மேலே சொன்னதை இங்கேயும் நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. புற்றுநோய்க்கு மனிதரில் அனுமதி பெற்ற டிஎன்ஏ தடுப்பூசி எங்கும் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு "டிஎன்ஏ தடுப்பூசி போடுகிறோம்" என்றால் விலகிவிடுங்கள். உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் சிடிஆர்ஐ என்று தொடங்கும் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நீங்கள் படித்துக் கையெழுத்திடும் சம்மதப் படிவமும் இருக்கும், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவை ஆய்வு நடத்துபவரே ஏற்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சித்தியின் ஸ்கேனையும் பயாப்சி அறிக்கையையும் பார்க்காமல் அவருக்கு எது பொருத்தம் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. புற்றுநோய் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: நோய் எந்த நிலை, கதிர்வீச்சு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும், நோய் திரும்பினால் சேரக்கூடிய ஆய்வு ஏதும் நடக்கிறதா. வீட்டில் ஒன்பது வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் இருந்தால், கடைகளில் ஏற்கெனவே கிடைக்கும் எச்பிவி தடுப்பூசியை இப்போதே போட்டுவிடுங்கள். அது டிஎன்ஏ வகை அல்ல, வைரஸின் வெறும் ஓட்டுப் புரதம்; வந்த புற்றை அது குணமாக்காது, ஆனால் வராமல் தடுப்பதில் இதுவரை நான் மேலே எழுதிய எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.